பெரிய தெருவில் பூட்ஸ் சத்தம்

போன சனிக்கிழமை என் மகளுக்கு மலையேறும் ஷூ வாங்க மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கல்லூரித் தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து தேனிப் பக்கம் மூன்று நாள் மலையில் நடக்கப் போகிறார்கள். கூட்டிப் போகிறவர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். முதல் வரியே 'உறுதியான பூட்ஸ்'. தரை எப்படி, மழை உண்டா, முதுகில் எவ்வளவு சுமை, அதெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. பூட்ஸ். அவ்வளவுதான்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார்.

"மிலிட்டரி மாடல் சார். இதப் போட்டுட்டா எந்த மலையிலயும் ஏறலாம்."

கையில் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் காலே செங்கல் கனம் இருந்தது.

"நீங்க போட்டு ஏறியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"நான் பதினேழு வருசம் ஏறியிருக்கேன். இவ முதுகுல என்ன மெஷின் கன்னா தூக்கிட்டுப் போறா? ரெண்டு சட்டை, நாலு பிஸ்கட் பாக்கெட்டு. அதுக்கு எதுக்குய்யா இது?"

குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதாக ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். "அப்பா, வாங்கப் போறது நானு. கத்துறது நீங்க." அந்தக் கடைக்காரர் பாவம், ஒரு துணியை எடுத்து பூட்ஸின் மூக்கில் கொஞ்சம் பாலிஷைத் தடவித் தேய்க்க ஆரம்பித்தார். பளபளப்பைக் காட்டினால் கிழவன் அடங்குவான் என்று நினைத்திருப்பார். அடங்கத்தான் செய்தேன். பளபளப்புக்காக இல்லை. அந்த மெழுகு வாடைக்காக.

என் தாய்மாமா ராணுவத்தில் லாரி ஓட்டினார். நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா கிடந்த வருடம் விடுமுறைக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது தன் பழைய பூட்ஸை சமயநல்லூரில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் விட்டுவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தால் பாலிஷ், வேர்வை, அந்துருண்டை மூன்றும் கலந்து ஒரு வாடை அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார். நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதுதான் ராணுவத்தின் வாடை. உண்மையான ராணுவத்தின் வாடை டீசலும் வெங்காயமும் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

மாமா போகும்போது பூட்ஸோடு ஒரு தத்துவத்தையும் விட்டுவிட்டுப் போனார். "பூட்ஸ்ல ஓடிப் பழகுடா. செலக்சன் அன்னைக்குக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல ஓடு. கால் பறக்கும்." கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். கனத்தைச் சுமந்து பழகினால், கனம் போனதும் பறக்கலாம். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவத்துக்குப் போக நினைத்த அத்தனை பேரும் அந்தக் காலத்தில் இதை நம்பினோம். காலில் மணல் மூட்டை கட்டி ஓடியவன்கூட உண்டு. அவன் இப்போது இரண்டு முழங்காலிலும் பட்டை போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் கடை வைத்திருக்கிறான்.

இது முட்டாள்தனம் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ராணுவத்தில் பூட்ஸும் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். முதுகுச் சுமையை இடுப்பு வாங்கிக்கொள்ளும். காலில் கட்டிய கனத்தை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதை நீங்களே தூக்கி நீங்களே இறக்க வேண்டும். வடகிழக்கு மலைகளில் எங்களுக்கு அரிசி மூட்டை சுமந்து வந்த உள்ளூர் ஆட்கள் மலிவான ரப்பர் ஷூதான் போட்டிருப்பார்கள். பூட்ஸ் போட்ட நாங்கள் பாதி ஏற்றத்தில் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் மேலே மூட்டையை இறக்கிவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

அதற்காகப் பூட்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. பனியில் என் பத்து விரல்களும் இன்றைக்கு இருப்பது பூட்ஸால்தான். காயம்பட்டவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சரளைக்கல் சரிவில் இறக்கும்போது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். பனிக்கும் சரளைக்கும் போவானேன், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கே பூட்ஸ் வேண்டும். சீமைக் கருவேல முள் கேன்வாஸ் ஷூவின் அடியில் ஏறி, பாதத்தில் தைத்து, உள்ளேயே ஒடிந்து நிற்கும். நான் ஒருமுறை மூன்று நாள் சீழ் வைத்துக் கிடந்தேன். அதனால் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாக யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எங்கே போகிறாய், என்ன சுமக்கிறாய், எவ்வளவு தூரம், அதைச் சொல். அப்புறம் காலுக்கு என்ன போடுவது என்று பார்க்கலாம்.

இப்படி நான் விவரமாகப் பேசுவதைக் கேட்டால் வீரணன் சிரிப்பான். இன்னொரு கேள்வி இருக்கிறது என்று எனக்குக் காட்டியவன் அவன்.

வீரணன் வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மதுரையில் நாங்கள் படித்த மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் விடுதியில் இருந்தான், நான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். என் அப்பா அதே பள்ளியில் கிளார்க். அவனுடைய அய்யா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. படிப்பு முடிந்து இரண்டு வருடம் சும்மா திரிந்தபின், ராணுவம்தான் வழி என்று இருவரும் முடிவு செய்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் அவனை ஒரு வருடம் தாமதமாகச் சேர்த்திருந்தார்கள். அடுத்து வரும் ஆள்சேர்ப்பு முடிந்த கையோடு அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எனக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அவனுக்கு இது ஒன்றுதான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

மாமாவின் பூட்ஸைப் போட்டு முதலில் ஓடியது நான்தான். என் கால் அகலம். பூட்ஸ் எட்டாம் சைஸ், எனக்கு இறுக்கம். பத்து நாளில் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. வலி தாங்கவில்லை. ஆனால் வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளில் வந்தபோது பூட்ஸைத் தூக்கிக் கொடுத்தேன்.

"இந்தா, நீ ஓடு. உனக்குத்தான் இது கடைசி சான்ஸு. எனக்குக் கேன்வாஸ் போதும்."

"நெசமாவா மாப்ள?"

"எடுத்துக்கடா. ஒனக்கில்லாததா."

எவ்வளவு பெருந்தன்மை பார்த்தீர்களா. இதற்காக அவனுடைய அம்மா எனக்கு ஒரு சேவலடித்துக் குழம்பு வைத்துப் போட்டார். கூச்சமே இல்லாமல் தின்றேன். கால் விரல் வலிக்க வலிக்கத்தான் தின்றேன்.

அதிலிருந்து வாரத்தில் ஆறு நாள் அவன் தன் ஊரில் ஓடுவான், நான் என் ஊரில் ஓடுவேன். ஞாயிறு மட்டும் நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், சமயநல்லூர்க் கண்மாய்க் கரையில் சேர்ந்து ஓடுவோம். பூசைக்குப் போட்ட சட்டையைக் கழற்றிக் கருவேல மரத்தில் தொங்கவிடுவேன். முதல் இரண்டு மாதம் அவன்தான் முந்தினான். பூட்ஸோடு முந்தினான். மாமாவின் தத்துவம் பலிக்கிறது என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம் சமமாக வந்தோம். நான்காவது மாதம் நான் முந்தினேன். எனக்கு ஒரே பெருமை. நான் வேகமாகிவிட்டேன் என்று நினைத்தேன். அவன் மெதுவாகிவிட்டான் என்று தோன்றவில்லை.

ஒருநாள் ஓடி முடித்து உட்கார்ந்திருந்தபோது, வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். நான் போய் அழுத்தினேன். "அடேய்!" என்று கத்தி என் கையைத் தட்டிவிட்டான். அந்த இடம் சூடாக இருந்தது. லேசாக வீங்கியும் இருந்தது.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். அம்மா நொச்சி போட்டு ஒத்தடம் குடுக்குது."

"பூட்ஸைக் கழட்டுடா. எங்கிட்ட இன்னொரு சோடி கேன்வாஸ் இருக்கு. பஞ்சு மாதிரி இருக்கும். மண்ணு ரோட்டுல ஓடு, ரெண்டு வாரத்துல சரியாப் போகும்."

"கேன்வாஸ் வேணாம் மாப்ள."

"ஏன்?"

"சத்தம் வராது."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சத்தம் எதுக்குடா? நீ என்ன பேண்ட் வாத்தியமா? ஸ்டாப் வாட்ச் புடிக்கிறவன் கால் சத்தத்துக்கா மார்க் போடுறான்?"

அவன் லேஸை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினான்.

"ஒங்க ஊர்ல எங்கதான்டா ஓடுற நீ? கால்வாய்க் கரை இருக்குல்ல, மெத்து மெத்துனு?"

"அதுல ஓட மாட்டேன்."

"அது ஏன்?"

"ஒருநாள் காலையில வா. வந்து பாரு. பாத்துட்டுப் பேசு."

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை விடியும் நேரத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அவனுடைய ஊருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரியாறு கால்வாய்க் கரை. செம்மண், ஈரம், இரண்டு பக்கமும் தென்னை. ஓடுகிறவனுக்குச் சொர்க்கம். ஆனால் அரை மைல் சுற்று. இன்னொன்று, ஊரின் பெரிய தெரு. கல்பாவி மேலே தார் போட்டது, இரும்பு மாதிரி இருக்கும். நிலம் வைத்திருக்கிறவர்களின் வீடுகள் அதில்தான். வீரணன் ஆட்களின் வீடுகள் தெரு முடிகிற இடத்துக்கும் அப்பால், வயலை ஒட்டி.

நான் பெரிய தெரு வழியாகவே சைக்கிளில் போனேன். எனக்கென்ன. தெரு முடிகிற இடத்தில் வீரணனுடைய அய்யா எதிரே வந்தார். தோளில் மண்வெட்டி. இடது கையில் செருப்பு. வெறுங்காலோடு நடந்து வந்தார். நான் சைக்கிளை நிறுத்தி, நல்ல பிள்ளையாக, அக்கறையாகக் கேட்டேன்.

"என்னய்யா, செருப்பு அறுந்து போச்சா? குடுங்க, சமயநல்லூர்ல தச்சு வாங்கியாறேன். நல்லாத் தைப்பாரு அங்க ஒருத்தரு."

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புதுச் செருப்பு அது.

"அறுகலப்பா. இந்தத் தெருவு மட்டும். அந்தப் பக்கம் போய் மாட்டிக்கிருவேன்."

"எதுக்குங்கய்யா?"

"பழக்கந்தான். இப்ப யாரும் ஒண்ணுஞ் சொல்றதில்ல." சொல்லிவிட்டு நடந்தார். மண்வெட்டி முதுகில் ஆடிக்கொண்டே போனது.

ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுடைய தகப்பன். எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் செருப்பு என்றால் என்ன? ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அப்பா கறுப்பு ஷூவைத் துடைத்துப் போடுவார், எனக்குப் புதுச் செருப்பு வரும், போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவோம். காலில் போடுவதற்குத் தெருவிடம் அனுமதி கேட்கும் வழக்கம் ஒன்று இருந்தது, அது சொல்லாமலே இன்னும் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். காது சுட்டது.

அப்புறம் சத்தம் கேட்டது. டக், டக், டக், டக். வயல் பக்கமிருந்து வீரணன் வந்தான். பெரிய தெருவின் நடுவில், ஓரத்தில் இல்லை, நடுவில். குதிகாலை வேண்டுமென்றே அழுத்தி வைத்து ஓடினான். ஓட்டம் தெரிந்தவன் எவனும் அப்படி ஓட மாட்டான். எலும்புக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"டேய், இன்னைக்கு என்ன, அஞ்சு நிமிசம் லேட்டு?"

"கால் வலிங்கய்யா."

"கால் வலிச்சா வீட்டுல கெடக்க வேண்டியதுதான? தெனமும் ஒரே டக்கு டக்கு. என் பேத்தி முழிச்சுக்கிட்டு அழுவுது."

"பட்டாளத்துக்குங்கய்யா. ஓடித்தான ஆகணும்."

"கால்வாய்க் கரையில ஓடுனா என்னவாம்?"

"அங்க பாம்புங்கய்யா."

பாம்பு! அவன் சொன்ன முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிற்கவும் இல்லை. ஓடிக்கொண்டே சொன்னான். பெரியவர் வாய்க்குள் ஏதோ முனகினார், அவ்வளவுதான். அடிக்க வரவில்லை, திட்டவும் இல்லை. ராணுவம் என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு, அவனுடைய அய்யா செருப்பைக் கையில் பிடித்து நடந்த அதே தாரில், அவன் தினமும் நான்கு முறை போகிறான், நான்கு முறை வருகிறான். ஷூவைப் பார்த்து எவனும் ஒன்றும் சொல்ல முடியாது. அது ஓட்டப் பயிற்சி.

ஓடி முடித்து வந்து என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கால்வாய்க் கரை, கால்ல செருப்பு இருந்தா எங்கய்யா போற வழி. எங்க தாத்தா போன வழி. சுத்திப் போற வழி. கேன்வாஸ் போட்டு இந்தத் தெருவுல ஓடுனா எவனுக்கு மாப்ள கேக்கும்?"

நான் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் அங்கே ஏதாவது யோசித்திருப்பேன். பெரிய தெருவில் பூட்ஸைப் போட்டு நடந்து போ, கால்வாய்க் கரையில் கேன்வாஸைப் போட்டு ஓடு என்று சொல்லியிருப்பேன். இவ்வளவு எளிது. இப்போது உங்களுக்குச் சொல்ல ஒரு வரிதான் ஆகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில், "சரி, ஓடு மாப்ள" என்றேன். கால் வலிக்கிறவனைப் பார்த்து, ஓடு என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

ஆள்சேர்ப்பு மதுரையில் ஒரு மைதானத்தில் நடந்தது. நூற்றுக்கணக்கான பேர். பாதிப் பேர் வெறுங்காலில் நின்றார்கள். வீரணன் ஊரிலிருந்து பூட்ஸோடு வந்து, மைதானத்தில் கழற்றி வைத்தான். மாமா சொன்னபடி வெறுங்கால். நான்கு சுற்று ஓட வேண்டும். ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால்தான் நல்ல மதிப்பெண். எங்கள் இருவரையும் ஒரே கூட்டத்தில் விட்டார்கள்.

முதல் சுற்றில் அவன் பறந்தான். நிஜமாகவே பறந்தான், பொய் சொல்ல மாட்டேன். என்னைவிட இருபதடி முன்னால். இரண்டாவது சுற்றிலும் முன்னால்தான். மூன்றாவது சுற்றின் வளைவில் அவன் வலது காலை வைத்த விதம் மாறியது. நொண்டவில்லை. காலைத் தரையில் வைக்கவே பயந்தவன் மாதிரி ஓடினான். நான் அவன் பக்கத்தில் வந்துவிட்டேன். வாய் திறந்திருந்தது, கண்ணில் நீர்.

"ஓடு மாப்ள. திரும்பாத."

நான் ஓடினேன். திரும்பவில்லை. பின்னால் யாரோ விழுகிற சத்தமும், "தள்ளு, தள்ளு, லைன விட்டுத் தள்ளு" என்று ஒரு கூச்சலும் கேட்டது. நின்றிருந்தால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இருவரும் போயிருப்போம். கணக்காகப் பார்த்தால் நான் செய்தது சரி. இந்தக் கணக்கை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

விழுந்தவர்களை உடனே வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். பள்ளம் தாண்டி, கம்பியில் தொங்கி, மார்பை அளந்து எல்லாம் முடித்து நான் வெளியே வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் மதில் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஆச்சா?"

"ம்."

"மெடிக்கல்?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கான்."

"சரி, ஒரு டீ வாங்கிக் குடு. மத்தியானமே குடிச்சிருக்கணும், நீ வரட்டும்னு இருந்தேன்."

எக்ஸ்ரேயில் எலும்பு நூல் மாதிரி கீறியிருந்தது. ஆறு வாரம் ஓடாமல் இருந்திருந்தாலே கூடியிருக்கும் என்றார் டாக்டர். ஆறு வாரம். அவன் ஆறு மாதம் அந்தத் தாரில் ஓடினான். கட்டுப் பிரிப்பதற்குள் அவனுடைய வயதும் முடிந்துவிட்டது.

நான் போனேன். பதினேழு வருடம் இருந்தேன். அங்கே இருந்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்ப்பேன். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. ஊர் திரும்பித் திருநகரில் வீடு கட்டி, பென்ஷன் வாங்கி, மகளைப் படிக்க வைத்து, எல்லாம் ஆனது. பேசவில்லை.

கடையில் அந்தப் பாலிஷ் வாடை பட்ட மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். வீரணன் இப்போது நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறான். ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கியிருக்கிறான். வயலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். வெறுங்கால். ஏன்டா ஷூ போட மாட்டேன் என்கிறாய் என்றால், "பெடல் காலுக்குத் தெரியணும்ல" என்பான்.

வரப்பில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அந்தப் பூட்ஸ நான் ஒண்ணும் உன் மேல இருக்க பாசத்துல குடுக்கல. எனக்கு வெரலு நசுங்கிப்போச்சு. அதான் தூக்கிக் குடுத்தேன். குடுக்காம இருந்திருந்தா நீ வெறுங்கால்ல ஓடியிருப்ப. செலக்ட் ஆகியிருப்ப."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தான்.

"மாப்ள, நீ அன்னைக்கு வாத்து மாதிரி நடந்து வந்து, 'ஒனக்கில்லாததா'ன்ன பாரு. நான் சிரிப்ப அடக்குனதுல வயிறு வலிச்சிருச்சு. கட்ட வெரலு ரெண்டும் நாவப்பழம் மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பூட்ஸத் திரும்ப வாங்கிட்டா?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் சுமந்தது அவனுக்கு ஒரு சிரிப்புக் கதை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே கேட்டேன்.

"சரி, எவனாச்சும் வந்து உன்னத் திரும்பவும் இருபது வயசாக்கி, கேன்வாஸும் பூட்ஸும் முன்னால வச்சா எத எடுப்ப?"

அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றை வைக்கோலால் வழித்தான்.

"கேன்வாஸ எடுத்திருந்தா ஒன்ன மாதிரி போயிருப்பேன். பென்சன் வரும். எங்கம்மாவுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரி கெடச்சிருக்கும், இன்னும் நாலு வருசம் இருந்திருக்கும். அதெல்லாம் நெனைக்காம இல்ல." வைக்கோலைத் தூக்கி எறிந்தான். "ஆனா அந்த ஆறு மாசம் இருந்திருக்காது மாப்ள."

"ஒங்கய்யா அதுக்கப்புறமாச்சும் செருப்ப மாட்டுனாரா?"

"இல்ல. சாகுற வரைக்கும் கையிலதான். நான் எம்புட்டோ சொன்னேன். 'நீ ஓடுனல்ல, போதும்'னுட்டாரு."

இதைக் கேட்டு, ஆகா, போட்டது வீணாகவில்லை என்று ஆறுதலாக முடிக்க எனக்கு மனமில்லை. வீணாகத்தான் போனது. அவன் எலும்பு போனது, வேலை போனது, அவனுடைய அம்மாவின் நாலு வருடம் போனது. ஒரு தெருவில் ஷூ போட்டு நடப்பதற்கு இவ்வளவு விலை எவனும் கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது. அதே நேரம், நான் இத்தனை வருடம் நினைத்ததுபோல அவன் ஏமாந்தும் போகவில்லை. எது கனம், எது லேசு என்று அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. எனக்குத்தான் எடை பார்க்கத் தெரியவில்லை.

திரும்பும்போது பெரிய தெரு வழியாக வந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தேன். தாரைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டுப் பலகைக்கல் பதித்திருக்கிறார்கள். கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தினமும் விழித்து அழுத அவருடைய பேத்தி வெளிநாட்டில் இருக்கிறாளாம். அந்த வீட்டு வாசலில் பெரிய பூட்டு, அதில் துரு. எண்ணிப் பார்த்தால் மூன்று வீட்டுக்கு ஒன்று அப்படித்தான். நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். வீரணன் வாங்கிய ஒன்றரை ஏக்கர்கூட அதில் ஒன்றுதான். மீதி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். இரண்டு முறை நடந்தேன். வேண்டுமென்றே குதிகாலை அழுத்தி நடந்தேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அன்றைக்கு ஒரு ஜோடி பூட்ஸுக்கு அந்தத் தெரு முழுக்க விழித்தது. இன்றைக்கு ஒரு பட்டாளமே அணிவகுத்துப் போனாலும், எட்டிப் பார்த்து யாரடா அது என்று கேட்க அங்கே ஆளில்லை.